கதவுக்குப் பின்னால் ஸுஹைறா டீச்சர்

நிந்தவூரில் இங்கிலீஷ் கதைக்க ஆசைப்பட்ட இளசுகளில் பாதிப் பேர் ஸுஹைறா டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள்தான். டீச்சர் என்பது அரசாங்கம் கொடுத்த பெயர் இல்லை. அம்பாறைக்குப் பஸ்ஸில் போய்வந்து ஆங்கில டிப்ளோமா முடித்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாக வருசக்கணக்கில் சும்மா படிப்பித்தாள். நியமனம் வருகுது, வருகுது என்று தேர்தலுக்குத் தேர்தல் சொன்னார்கள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வந்தது, அவளுக்கு வரவில்லை. "உங்கட நியமனத்த நீங்களே வெச்சிக்கங்க" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, முன்ஹோல் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை அடித்தாள். வகுப்பு அப்படித்தான் தொடங்கியது.

அவள் படிப்பிக்கிற விதம் தனி. இங்கிலீஷில் நிகழ்காலம் இரண்டு வகை, எங்கள் பிள்ளைகள் சறுக்குகிற இடமும் அதுதான். தமிழில் 'போறன்' என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் போதும். தினமும் போவதும் போறன்தான், இந்த நிமிசம் போய்க்கொண்டிருப்பதும் போறன்தான், அடுத்த கிழமை போகப்போவதும் போறன்தான். இங்கிலீஷ்காரனுக்கு இது பத்தாது. 'ஐ கோ' வேறு, 'ஐ ஆம் கோயிங்' வேறு. மற்ற டியூட்டரிகளில் இதற்கு விதிமேல் விதி சொல்லிப் பிள்ளைகளை நித்திரையாக்குவார்கள். ஸுஹைறா ஜன்னலைத் திறந்துவிடுவாள்.

"என்ன நடக்குது? பார்த்துச் செல்லுங்க." எங்கள் ஊர் வாயில் 'சொல்லு' என்பது 'செல்லு'தான்.

வெளியே ஒரு ஆடு வேலியில் கிளுவையைக் கடித்துக்கொண்டு நிற்கும். மீன்காரர் சைக்கிளை நிறுத்திச் சூரை மீனைத் தராசில் நிறுத்துக்கொண்டிருப்பார். 'த கோட் இஸ் ஈட்டிங்' என்று ஒருத்தி சொல்லுவாள். 'ஹீ இஸ் வெயிங் ஃபிஷ்' என்று இன்னொருவன். எல்லாரும் சொல்லி முடிந்ததும் ஜன்னலைச் சாத்துவாள்.

"இப்ப பார்க்காமச் செல்லுங்க. ஜன்னல் சாத்தியிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்ச விசயம் என்ன இரிக்கி?"

அக்கரைப்பற்று பஸ் பெரிய ரோட்டால் போகும். மீன்காரர் தினமும் வருவார். ஆடு கிளுவை தின்னும். இதற்கெல்லாம் 'கோஸ்', 'கம்ஸ்', 'ஈட்ஸ்'. "கண்ணால பார்த்தாத்தான் தெரியுமெண்டா 'இங்' போடுங்க. பார்க்காமலே தெரியுமெண்டா 'இங்' வேணாம்" என்பாள். இது முழுக்கச் சரியான விதி இல்லை என்று அவளுக்கும் தெரியும். விதிவிலக்குகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். ஆனால் அந்த ஜன்னலைப் பார்த்துப் படித்தவர்கள் அதற்குப் பிறகு இந்த இரண்டையும் குழப்பியதில்லை.

முஸ்தாக்கும் அந்த ஜன்னலைப் பார்த்துப் படித்தவன்தான். சாய்ந்தமருதுப் பொடியன். உயர்தரம் முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தபோது வந்து சேர்ந்தான். முன்வரிசை வாங்கில் இருப்பான், வாய் ஓயாமல் "டீச்சர், டீச்சர்" என்று கேள்வி கேட்பான். மழை வந்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள், இவன் நனைந்துகொண்டு வருவான். கட்டாரில் ஒரு ஹோட்டலின் களஞ்சியத்தில் வேலை கிடைத்தபோது, தாய்க்குச் சொல்ல முதலே அவளுக்குத்தான் போன் எடுத்தான். "டீச்சர், கெடச்சிட்டு!" என்று கத்தினான். அன்று அவள் அழுதாள். பிறகு அவன் வீட்டாரிடமிருந்து மூத்த மகள் நிப்லாவுக்குச் சம்பந்தம் வந்தபோது, விசாரிக்கவே தேவையில்லை என்று நினைத்துவிட்டாள். நல்ல மாணவன் நல்ல மருமகனாகவும் இருப்பான் என்று ஒரு கணக்கு. படிப்பிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற புத்திக்கேடு அது.

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். அதனால் பெண்ணுக்கு வீடு எழுத வேண்டும். எழுதுவது மகளின் பெயரில், ஆளுவது வருகிறவர். பெற்றவர்கள் பின்வளவில் ஒரு அறையும் குசினியும் இறக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஸுஹைறாவுக்கும் அந்த வீடு அப்படித்தான் வந்தது, அவளுடைய உம்மாவும் அப்படித்தான் ஒதுங்கினாள். இன்னுமொன்று உண்டு. மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைக்கக்கூடாது. மார்க்கம் இதைத் தடுக்கவில்லை. மார்க்கத்தில் மருமகன் மகனுக்குச் சமம். ஆனால் மார்க்கம் விட்டுக்கொடுத்த இடத்தையெல்லாம் ஊர் பிடித்து வைத்திருக்கிறது. இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் இந்த வழக்கம் இல்லை. முஸ்தாக்கின் தாய் வீட்டில் இருந்தது.

வீடு எழுதுகிற பேச்சு வந்தபோது ஸுஹைறா ஒரே ஒரு விசயத்துக்குத்தான் யோசித்தாள். "வகுப்ப என்ன செய்யிற?" என்று கணவன் மீராசாவிடம் கேட்டாள். மீராசா வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிறவர், போகம் தொடங்கினால் வயல் வாடிக் குடிசையிலேயே கிடப்பவர். இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாள் முதல் எதிலும் தலையிட்டவரில்லை.

"அவன் உன்னட்டப் படிச்சவன்தானேகா. வகுப்பு வேணாமெண்டு செல்லுவானா?" என்றார்.

வீட்டை நிப்லாவுக்கு எழுதிவிட்டுப் பெற்றவர்கள் பின்வளவுக்கு ஒதுங்கினார்கள். நிகாஹ் முடிந்தது. அன்றோடு அந்த "டீச்சர்" என்ற சொல்லும் முடிந்தது. அதற்குப் பதிலாக "மாமி"யாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. "உம்மாட்டச் செல்லு", "உம்மாட்டக் கேளு" என்று எல்லாம் நிப்லா வழியாகவே போய்வந்தது. முன்வாங்கில் இருந்து வாய் ஓயாமல் கேட்டவனுக்கு இப்போது அவளை அழைக்க ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. ஸுஹைறாவும் அவன் ஹோலில் இருந்தால் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுவிடுவாள். விடுமுறை முடிந்து அவன் கட்டாருக்குப் போனதும் வகுப்பு மறுபடி தொடங்கியது. அந்தக் காலம் நன்றாகத்தான் இருந்தது. காரைதீவிலிருந்து துஷாந்தினி என்றொரு பிள்ளை பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் அப்போதுதான். தகப்பனோடு வயலில் நிற்கிற பிள்ளை, கையில் எப்போதும் ஒரு சேற்று வாடை இருக்கும். முதல் மாதம் வாயே திறக்கவில்லை, பிறகு ஜன்னலைச் சாத்த விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அறுகம்பையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

பிறகு கட்டார் ஹோட்டலில் ஆள் குறைத்தார்கள். முஸ்தாக் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தான். கொஞ்ச நாள் வேறு இடம் பார்க்கிறேன் என்றான், பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டான். பகல் முழுக்க அறைக்குள் போனோடு கிடந்தான். ஒரு பின்னேரம், முன்ஹோலில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது சாரனோடு வெளியே வந்தவன், பிள்ளைகளைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான், திரும்பிப் போய்க் கதவை அடித்துச் சாத்தினான். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு நிப்லா பின்வளவுக்கு வந்தாள்.

"உம்மா, கொஞ்ச நாளைக்கு வகுப்ப நிப்பாட்டுங்களன். அவருக்கு ஒரு மாதிரியா இரிக்காம்."

"என்ன மாதிரி?"

"அவர் உள்ளுக்குச் சும்மா கிடக்க, நீங்க ஹோலுக்குள்ள சத்தமாப் படிப்பிச்சா ஆக்கள் என்ன செல்லுவாங்க? அவருக்கு வெளியில முகம் காட்ட ஏலாம இரிக்கி."

"படிப்பிக்கிறதச் சத்தமில்லாமப் படிப்பிக்க ஏலுமா மகள்?"

நிப்லா அழுதாள். வயிற்றில் பிள்ளை உண்டாகியிருந்த நேரம். ஸுஹைறா வகுப்பை நிறுத்தினாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தாள். அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் வீட்டுக் கேற்றில் ஒரு பெனர் தொங்கியது. 'கட்டார் அனுபவம் பெற்ற ஆசிரியர். பேச்சு ஆங்கிலம்.' கீழே முஸ்தாக்கின் படம், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக.

"பலகை?" என்று மட்டும் கேட்டாள் ஸுஹைறா.

"பலகை ஊட்டோட இரிக்கிறதுதானே உம்மா."

பெற்ற மகள், தான் பெற்ற மகள், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஸுஹைறாவே துடைத்துக் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவுமில்லை. மீராசாவிடம் சொன்னபோது, "புள்ளட வாழ்க்கை நல்லா இருந்தாச் சரிதானே" என்று வயலுக்குப் போய்விட்டார். போகத்துக்குப் போகம் அவருக்கு ஒளிய ஒரு இடம் இருந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். அவளிடம் படித்தவர்களும் வந்தார்கள். அந்தப் பக்கத்தில் வேறு வகுப்பு இல்லை, கட்டார் என்ற சொல்லுக்கும் ஒரு மவுசு உண்டு. ஸுஹைறா குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்கக்கூடாது என்று தேங்காய் துருவுவாள், தண்ணீரைத் திறந்துவிடுவாள். எல்லாவற்றையும் தாண்டி அவனுடைய குரல் வரும்.

"டோஹாவுல ஒருத்தனும் 'ஐ வேர்க்' எண்டு செல்றல்ல. 'ஐ ஆம் வேர்க்கிங்' எண்டுதான் செல்லுவான். 'இங்' போட்டாத்தான் இங்கிலீஷுக்கு மரியாதை. எல்லாத்துக்கும் 'இங்' போட்டுப் பழகுங்க. எங்க, எல்லாரும் செல்லுங்க: எவ்ரி டே ஐ ஆம் ஈட்டிங் ரைஸ்!"

ஹோல் முழுக்க ஒரே குரலில் சோறு தின்றுகொண்டிருந்தது.

இவன் அறியாதவன் இல்லை. ஒரு காலத்தில் இதே வாயால் சரியாகச் சொன்னவன். களஞ்சியத்தில் நாலு நாட்டுக்காரரோடு அவசரத்துக்குக் கதைத்துக் கதைத்து அவன் நாக்குக்கு வேறொன்று பழகிவிட்டது. அதைக்கூட அவள் குற்றம் சொல்லவில்லை. வேலைத்தளத்தில் வயிற்றுப்பாட்டுக்கு எப்படியும் கதைக்கலாம். ஆனால் அதைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? இரண்டு மூன்று தடவை நிப்லாவிடம் சொல்லி அனுப்பினாள். "தினமும் நடக்கிறதுக்கு 'இங்' போடுறல்ல எண்டு மெதுவாச் செல்லு மகள். நான் சொன்னனெண்டு செல்லாத." "செல்றன் உம்மா" என்று போவாள் நிப்லா. அடுத்த பின்னேரமும் அதே சத்தம் கேட்கும். அவள் சொல்லவில்லை என்று ஸுஹைறாவுக்குத் தெரியும். எந்த மனைவி சொல்லுவாள்?

ஒருநாள் அவன் சூரியனைப் பிடித்தான். சூரியன் ஒவ்வொரு நாளும் கிழக்கில் உதிக்கிறது. 'எவ்ரி டே த சன் இஸ் ரைசிங் இன் த ஈஸ்ட்.' பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அவன் இன்னொரு முறை சொல்லவைத்தான். ஸுஹைறா அந்த நேரம் தேநீர்த் தட்டோடு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள். மனம் ஒன்றும் நினைக்கவில்லை. வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது.

"ரைசஸ்!"

வகுப்பில் படிப்பிக்கிற அதே பழைய குரல். எல்லாத் தலைகளும் திரைச்சீலைப் பக்கம் திரும்பின. பிறகு பின்வாங்கிலிருந்து பழைய மாணவன் ஒருவன், "டீச்சர் முழிப்பாத்தான் இரிக்கா!" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்புத்தான். அதுதான் முஸ்தாக்குக்குத் தாங்கவில்லை. மார்க்கர் பேனையை மேசையில் வைத்தான், "இண்டைக்குப் போதும்" என்றான், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டான்.

மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவதென்றால் எங்கள் ஊர்களில் பெரிய விசயம். வீடு பெண்ணுடையது, அவளை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் எழும்பிப் போகலாம். போனால் அந்த வீட்டைப் பார்த்து ரோட்டில் போகிற வருகிறவனெல்லாம் கதைப்பான். நிப்லா போன் எடுத்தாள், அவன் எடுக்கவில்லை. தின்னாமல் குடிக்காமல் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அந்த ஒரு சொல்லச் செல்லாம உங்களுக்கு இருக்க ஏலாதா உம்மா?"

மீராசா வயலிலிருந்து வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் சாலிஹ் ஹாஜியாரைக் கூட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனார். அங்கே முஸ்தாக்கின் தாய் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எங்கட புள்ளைக்கு அந்த ஊட்டுல மரியாத இல்லாட்டி அவர் என்னத்துக்கு வரோணும்?" என்று கேட்டாளாம். மரைக்கார் நல்ல மனிதர், இரண்டு பக்கமும் வெட்டாமல் பேசி முடித்தார். முடிவை மீராசா வீட்டுக்கு வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்ட சத்தம் முன்ஹோலுக்கு வரக்கூடாதாம். அவ்வளவுதான் ஸுஹைறா. வேறொண்டுமில்ல."

வேறொன்றுமில்லையாம்! ஸுஹைறா அவரைப் பார்த்தாள். இத்தனை வருசம் கூட வாழ்ந்த மனிதர், அவர் கேட்டுவந்தது என்னவென்று அவருக்கே விளங்கவில்லை. அவள் சண்டை பிடிக்கவில்லை. "சரி" என்றாள். முஸ்தாக் அன்று பின்னேரமே வந்தான். நிப்லா எழும்பிக் குளித்து, உடுத்து, சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது ஸுஹைறாவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவளை இரண்டு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு வகுப்பு நேரத்தில் அவள் பின்வளவிலேயே இருந்துகொண்டாள். கிணற்றடியில் உடுப்புத் துவைப்பாள், மீன் வெட்டுவாள். பிள்ளைகளின் குரல் அங்கேயும் வரும், ஆனால் சொல் விளங்காது. அது போதும் என்று இருந்தாள்.

துஷாந்தினி வந்தது, ஸுஹைறா குசினிப் படிக்குப் பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். வகுப்பு விட்டு மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். அவள் மட்டும் வீட்டைச் சுற்றிக்கொண்டு வேலியோரமாக வந்தாள். திறந்திருந்த பின்கதவு வழியே, ஹோலில் முஸ்தாக் பலகை துடைக்கிற சத்தம் கேட்டது. குசினிப் படியில் நிப்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

"டீச்சர், உங்களக் கண்டு எவ்வளவு நாள்! நாளையிண்டைக்கு அறுகம்பையில இன்டவியூ. ஒண்டு கேக்கட்டா?"

"கேளு மகள்."

"வீட்டில என்ன செய்யிற எண்டு கேப்பாங்களாம். அப்பாவுக்கு வயல்ல உதவி செய்யிறன் எண்டு சொல்லப்போறன். 'எவ்ரி டே ஐ ஆம் ஹெல்ப்பிங் மை ஃபாதர்' எண்டு சொல்லச் சொல்றார் ஸேர். நீங்க அப்ப 'ஐ ஹெல்ப்' எண்டுதானே படிப்பிச்சீங்க? எது டீச்சர் சரி?"

உள்ளே பலகை துடைக்கிற சத்தம் நின்றது. ஸுஹைறா தலையைத் தூக்கினாள். நிப்லாதான் முதலில் கண்ணில் பட்டாள். அவள் தலையை மெல்ல, மிக மெல்ல ஆட்டினாள். வேணாம் உம்மா. ஸுஹைறாவின் நாக்கில் பதில் இருந்தது. ஒரு நிமிச வேலை. ஜன்னலைச் சாத்தினாலும் உன் அப்பாவுக்கு நீ உதவி செய்கிறாய்தானே மகள் என்று கேட்டால், அந்தப் பிள்ளை மற்றதைத் தானே சொல்லிவிடும். அந்த ஒரு நிமிசத்தைக் கொடுத்தால் மோட்டார் சைக்கிள் மறுபடி சாய்ந்தமருதுக்குப் போகும். இந்த முறை மரைக்கார் போனாலும் திரும்பாது.

"ஸேர் செல்றதச் செல்லு மகள்" என்றாள்.

துஷாந்தினி போகவில்லை. அவள் குத்திக்காட்டக் கேட்கிற பிள்ளை இல்லை. உண்மையாகவே குழம்பிப்போய் நின்றாள்.

"அப்ப நான் உங்களிட்டப் படிச்சது டீச்சர்? அதத்தான் இவ்வளவு நாளும் சரியெண்டு நினைச்சன். வீட்டில தம்பிக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தன். அது பிழையா?"

கையில் மீன் செதிலும் இரத்தமுமாக ஸுஹைறா இருந்தாள்.

"ஓம் மகள். நான்தான் பிழையாப் படிப்பிச்சிட்டன்."

உள்ளே பலகை துடைக்கிற சத்தம் மறுபடி தொடங்கியது. நிப்லா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். துஷாந்தினியின் முகம் தெளிந்தது, பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பரவாயில்ல டீச்சர், தம்பிக்கும் மாத்திச் சொல்லிக் குடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஓடிப்போனாள்.